குதிரை ஆஸ்துமா: இருமல் நின்ற பிறகும் மூச்சுக்குழல் ஏன் தடித்தே இருக்கிறது?

வெள்ளைக்குளம்பு:

வணக்கம். நாங்கள் கனடாவில், கியூபெக்கில் இருக்கிறோம். மகள் ஏறும் குதிரை ஊருக்கு வெளியே ஒரு லாயத்தில் நிற்கிறது. வயது பதினாறு. பனிக்காலத்தில் லாயக் கதவுகளை அடைத்தால் இருமத் தொடங்கும், கோடையில் வெளியே மேய விட்டால் சரியாகிவிடும். சில வருடங்கள் இப்படியே போனது. இந்தமுறை இருமலோடு நிற்கவில்லை. சும்மா நிற்கும்போதே மூக்குத் துவாரம் விரிந்து, வயிற்றை எக்கி எக்கி மூச்சை வெளியே தள்ளியது.

மருத்துவர் அரைமயக்க ஊசி போட்டு, மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நுரையீரலை உப்புநீரால் கழுவி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு 40 சதவீதத்துக்கு மேல். கடும் ஆஸ்துமா என்றார். டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்தார், உலர்புல்லை நிறுத்தச் சொன்னார். மூச்சு இறங்கிவிட்டது. இதுவரை எனக்குப் புரிகிறது.

பிறகு அவர் சொன்னதுதான் மண்டையைக் குடைகிறது. "மூச்சு இறங்கினாலும் குழல் சுவர் தடித்தது தடித்ததுதான், அதில் ஒரு பங்குதான் திரும்பும்" என்றார். வெள்ளையணு என்றால் கிருமியை விழுங்கும் அணு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது எப்படி மூச்சுக்குழலின் தசையைத் தடிக்க வைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ. கொஞ்சம் விவரமாகவே சொல்லலாம், நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவள்தான்.

பரிவைத்தியன்:

வணக்கம் அம்மா. நான் கால்நடை மருத்துவன், குதிரைப் பண்ணைகளில் பல வருடம் இருந்தவன். அடிப்படையை நான் சொல்லிவிடுகிறேன், நுணுக்கத்தை நம் நிணநீர் தம்பி வந்து சொல்லட்டும்.

ஆரோக்கியமான குதிரையின் நுரையீரல் கழுவல் நீரில் நியூட்ரோஃபில் 5 சதவீதத்துக்குள் இருக்கும். 25-ஐத் தாண்டி, ஓய்விலேயே மூச்சுத் திணறலும் இருந்தால் கடும் ஆஸ்துமா என்கிறோம். இலேசான வகையும் உண்டு. அது இளம் குதிரைகளிலும் வரும், ஓடும்போதுதான் தெரியும். அதில் ஒவ்வாமையோடு தொடர்புள்ள வேறு அணுக்களான மாஸ்ட் செல்லோ ஈசினோஃபிலோ கூடியிருக்கலாம். முன்பு இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. ஒரு காலத்தில் கடும் வகையைப் புகை பிடிப்பவர்களின் நுரையீரல் நோயோடு சேர்த்து 'சிஓபிடி' என்றுகூடச் சொன்னார்கள். 2016-இல் அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் ஒருமித்த அறிக்கை எல்லாவற்றையும் 'குதிரை ஆஸ்துமா' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது.

காரணம் தூசி. தெருத்தூசி இல்லை, உலர்புல்லில் இருக்கும் தூசி. ஈரம் முழுக்கக் காயாமல் கட்டிய புல்லில் அஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் போன்ற பூஞ்சையும், சூடேறிய புல்லில் வளரும் சாக்கரோபாலிஸ்போரா ரெக்டிவிர்குலா போன்ற நுண்ணுயிரும் பெருகும். கூடவே பாக்டீரியச் சுவரிலிருந்து வரும் எண்டோடாக்சின். சும்மா நிற்கும் குதிரையே ஒரு நாளைக்குச் சுமார் 80,000 லிட்டர் காற்றை உள்ளே இழுத்து விடுகிறது. அதுவும் மூக்கு வழியாக மட்டும், வாயால் மூச்சு விட அதற்கு முடியாது. அந்த மூக்கைத் தீவனத்துக்குள் புதைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தின்றால் எவ்வளவு உள்ளே போகும் என்று யோசியுங்கள்.

குழல் அடைபடுவது மூன்று வகையில். சளி கட்டுகிறது. தசை சுருங்குகிறது. சுவரே தடிக்கிறது. முதல் இரண்டும் மருந்துக்கு நாள் கணக்கில் பணியும். மூன்றாவது பணியாது. சீராக ஓடும் காற்றுக்கு, குழலின் ஆரம் பாதியானால் தடை 16 மடங்கு ஆகும். அதனால் சுவர் கொஞ்சம் தடித்தாலும், அடுத்தமுறை தசை சுருங்கும்போது விளைவு பெரிதாக இருக்கும்.

நெஞ்சுச்சளி:

நான் மனித நுரையீரல் மருத்துவன், மதுரையில். குதிரையைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை, ஆனால் இந்த நோய்மேல் எனக்கு நீண்ட நாள் ஆர்வம். 1698-இல் ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கிலேய மருத்துவர், தானே ஆஸ்துமாக்காரர், ஆஸ்துமா பற்றி ஒரு நூல் எழுதினார். மூச்சிரைப்பு நோய் கண்ட ஒரு பெண்குதிரையை அறுத்துப் பார்த்ததையும் அதில் சேர்த்திருக்கிறார். ஆக ஒப்பீடு புதிதில்லை.

ஒரு சந்தேகம். மனித ஆஸ்துமாவில் பெரும்பாலும் ஈசினோஃபில்தான் முன்னே நிற்கும். ஒவ்வாமை, ஐஜிஇ என்ற எதிர்ப்புரதம், டிஎச்2 வகை டி செல்கள் (மற்ற அணுக்களை ஏவும் வெள்ளையணுக்கள்), அவை விடும் சமிக்ஞைப் புரதங்களான இன்டர்லூகின்-4, 5, 13 என்று ஒரு வரிசை. அதில் சுவர் தடிப்பதற்கும் விளக்கம் இருக்கிறது. குதிரையிலும் அதே வரிசைதான் ஓடுகிறதா? நியூட்ரோஃபில் என்பது தூசிக்கு வருகிற சாதாரணக் கூட்டம் மட்டும்தானா?

நிணநீர்:

பரிவைத்தியன் சார் கோத்துவிட்டார், வந்துவிட்டேன். (நோயெதிர்ப்பியலில் ஆய்வு மாணவன், சுவிட்சர்லாந்தில். குதிரை என் ஆய்வுப் பொருள் இல்லை, ஆனால் பக்கத்துக் கூடத்தில் அதுதான் வேலை.)

நெஞ்சுச்சளி டாக்டர் கேட்டது இந்தத் துறையில் பல வருடம் அடித்துக்கொண்ட கேள்வி. வெள்ளைக்குளம்பு அக்காவுக்கு ஒரு செய்தி: இந்த நோயின் மூச்சுக்குழல் மாற்றங்களைப் பற்றி உலகில் அதிகம் எழுதியவர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். மொன்றியல் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவப் பிரிவு, செயின்ட்-ஹயசிந்த் நகரில். ழான்-பியேர் லவுவா என்பவரின் குழு. ஆஸ்துமா உள்ள குதிரைகளை ஒரு மந்தையாகவே வைத்து, அதே குதிரைக்குப் புல் கொடுத்து நோயை வரவைத்து, நிறுத்தி அடக்கி, இரு நிலையிலும் திசு எடுத்துப் பார்க்கிறார்கள்.

2001-இல் அந்தக் குழு, நியூட்ரோஃபில் நிறைந்த இந்த அழற்சியிலும் டிஎச்2 வகைச் சைட்டோகைன்கள் (இன்டர்லூகின் போன்ற சமிக்ஞைப் புரதங்கள்) இருப்பதாகச் சொன்னது. 2003-இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு வேறு படம் காட்டியது: இன்டர்ஃபெரான்-காமாவும் இன்டர்லூகின்-8-உம் கூடியிருந்தன. அதாவது டிஎச்1 என்ற இன்னொரு டி செல் வகையின் பக்கம் சாய்ந்தது. 2005-இல் இன்டர்லூகின்-17 கூடியிருப்பதாக இன்னொரு கட்டுரை. எந்தக் கட்டத்தில் மாதிரி எடுத்தார்கள், எந்தப் புல்லைக் கொடுத்தார்கள், கழுவல் நீரா திசுவா என்பதைப் பொறுத்து விடை மாறியது. என் சொந்தக் கருத்து, இந்த டிஎச்1-ஆ டிஎச்2-ஆ சண்டையில் பத்து வருடம் வீணானது. அண்மைக் காலத்தில் பெர்ன் நகரில் கழுவல் நீரின் செல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றின் ஆர்என்ஏவைப் படிக்கிறார்கள். கடும் வகையில் டிஎச்17 பக்கம், அதாவது இன்டர்லூகின்-17 விடும் டி செல் வகையின் பக்கம், தராசு சாய்கிறது.

சரி, வரிசை இப்படி. தூசி உள்ளே போகிறது. காற்றறைகளில் இருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற விழுங்கணுவும் குழலின் உள்தோல் செல்களும் அதை உணர்ந்து இன்டர்லூகின்-8 போன்ற அழைப்புச் சரக்கை வெளியிடுகின்றன. நாலைந்து மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து நியூட்ரோஃபில்கள் குழலுக்குள் வந்து குவிகின்றன. ஆரோக்கியமான குதிரைக்கும் தூசிப் புல் கொடுத்தால் கொஞ்சம் வரும், அது போய்விடும். ஆஸ்துமாக் குதிரையில் போவதில்லை. ஏன்?

ஒரு காரணம் இன்டர்லூகின்-17. சாதாரணமாக நியூட்ரோஃபிலின் ஆயுள் குறைவு, வேலை முடிந்ததும் தானே மடிந்துவிடும். 2016-இல் மொன்றியல் குழு குதிரை நியூட்ரோஃபில்களை எடுத்து நேரடியாக இன்டர்லூகின்-17 கொடுத்துப் பார்த்தது. அவை தூண்டப்பட்டன, அதிக நேரம் உயிரோடும் இருந்தன. முக்கியமானது என்னவென்றால், ஸ்டீராய்டு சேர்த்தும் அது அடங்கவில்லை.

இன்னொன்று பழைய வேலை, 2000-இல் பெல்ஜியத்தின் லியேஜ் பல்கலைக்கழகத்திலிருந்து. அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்ற புரதம், தூசியை நிறுத்தி மூன்று வாரம் ஆன பிறகும் சில குதிரைகளின் மூச்சுக்குழல் செல்களில் விழித்தே இருந்தது. எஞ்சியிருந்த நியூட்ரோஃபில் எந்த அளவோ, அந்த அளவுக்கு அதுவும் இருந்தது. அக்கா, உங்கள் குதிரைக்கு மூச்சு இறங்கிவிட்டது என்கிறீர்கள். உள்ளே அடங்கிவிட்டதா என்பது வேறு விஷயம்.

வெள்ளைக்குளம்பு:

நன்றி தம்பி. ஆனால் தசைக்கு இன்னும் வரவில்லையே?

நிணநீர்:

வருகிறேன், ரயிலில் இருந்து தட்டச்சுகிறேன் :)

நியூட்ரோஃபில் தன் கையில் வைத்திருக்கும் ஆயுதங்களைப் பாருங்கள். ஒன்று நொதிகள். எலாஸ்டேஸ், அப்புறம் எம்எம்பி-9 என்கிற புரதம் அறுக்கும் நொதி. நோயுள்ள குதிரைகளின் மூச்சுக்குழல் திரவத்தில் எம்எம்பி-9 கூடியிருப்பதைப் பின்லாந்தில் முன்பே காட்டிவிட்டார்கள். இவை கிருமியைக் கொல்ல வைத்திருப்பவை, ஆனால் குழலின் உள்தோலையும் அதன் கீழுள்ள நார்ச்சட்டத்தையும் அரிக்கும். அரித்த இடத்தில் உடல் புதிதாகக் கொலாஜன் போட்டு ஒட்டும். மறுபடி அரிப்பு, மறுபடி ஒட்டு. குழல் சுவரில் இருக்கும் கொலாஜன் அளவும் நுரையீரல் செயல்திறனும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்று 2014-இல் அளந்திருக்கிறார்கள்.

இரண்டு, வலை. நியூட்ரோஃபில் சாகும்போது தன் டிஎன்ஏவையே நொதிகளோடு சேர்த்து வெளியே வீசும். கிருமியைச் சிக்கவைக்க. நோய் முற்றிய நிலையில் இருக்கும் குதிரைகளின் கழுவல் நீரில் இந்த வலைகள் கிடந்தன. சளியைக் கெட்டியாக்குவதிலும் உள்தோலைக் காயப்படுத்துவதிலும் இவற்றுக்குப் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம்.

மூன்றாவதுதான் நீங்கள் கேட்டதற்கு நேர் விடை. எக்ஸோசோம். செல்கள் வெளியே விடும் மிகச் சிறிய கொழுப்புப் பைகள், உள்ளே புரதமும் ஆர்என்ஏவும் இருக்கும். 2016-இல் அதே மொன்றியல் குழு, குதிரை நியூட்ரோஃபில்களை எண்டோடாக்சினால் தூண்டி, அவை விட்ட எக்ஸோசோம்களைப் பிரித்தெடுத்து, குதிரையின் மூச்சுக்குழல் தசைச் செல்கள்மேல் போட்டது. தசைச் செல்கள் அந்தப் பைகளை உள்ளே வாங்கிக்கொண்டன. வாங்கிய செல்கள் அதிகமாகப் பெருகின. நியூட்ரோஃபில் தசையைத் தொடக்கூட வேண்டியதில்லை, பொட்டலம் அனுப்பினாலே போதும். ஆஸ்துமாக் குதிரைகளின் குழல் தசையில் பெருகும் நிலையில் உள்ள செல்கள் கூடுதலாக இருப்பதை 2006-லேயே திசுவில் பார்த்திருந்தார்கள். எது பெருக வைக்கிறது என்பதற்கு ஒரு விடை பத்து வருடம் கழித்து வந்தது.

இது நடப்பது பெரும்பாலும் நுரையீரலின் ஓரத்தில் உள்ள சின்னக் குழல்களில். பெருத்த தசை முரட்டுத்தனமாகவும் நடந்துகொள்கிறது. ஆஸ்துமாக் குதிரைகளின் ஓரக்குழல் தசை வழக்கத்தைவிட வலுவாகச் சுருங்குவதாகவும், மூச்சுப்பெருங்குழாயின் தசையில் அந்த மாற்றம் இல்லை என்றும் 2016-இல் காட்டினார்கள்.

சும்மா_வாசிப்பவன்:

இந்த இழைக்காகவே கணக்குத் தொடங்கினேன். தொடருங்கள்.

ஈரல்குலை:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். (மருந்தாளுநர், மருந்துச் சோதனைகளின் புள்ளிவிவரம் பார்ப்பது தொழில்.) எக்ஸோசோம் வேலை கண்ணாடித் தட்டில் நடந்தது. தட்டில் எதைப் போட்டாலும் செல் பெருகும். உயிருள்ள குதிரையில் நியூட்ரோஃபிலைக் குறைத்தால் தசை குறைகிறதா? நியூட்ரோஃபில் குறையாமல் இருந்தால் தசையும் குறையாமல் இருக்கிறதா? அதுதான் கேள்வி.

அதற்கு விடை ஏற்கனவே இருக்கிறது, நிணநீர் சொன்ன அதே குழுவின் 2017 கட்டுரையில். கடும் ஆஸ்துமா உள்ள குதிரைகள், ஆறு ஆறாக நாலு பிரிவு. ஒன்றுக்கு ஃப்ளூட்டிகசோன் என்ற ஸ்டீராய்டு, ஒன்றுக்கு சால்மெட்டரால் என்ற குழல் திறக்கும் மருந்து, ஒன்றுக்கு இரண்டும் சேர்த்து, எல்லாம் மூச்சு வழியாக. நாலாவதுக்கு மருந்து இல்லை, தூசியை மட்டும் நிறுத்தினார்கள். 12 வாரம். ஃப்ளூட்டிகசோன் மட்டும் வாங்கிய குதிரைகளில் ஓரக்குழல் தசை சராசரியாக 30% குறைந்தது. சேர்த்து வாங்கியவற்றிலும் அதே 30%. ஆனால் நியூட்ரோஃபில்? மருந்துப் பிரிவுகளில் சேர்மானம் வாங்கிய குதிரைகளில் மட்டும்தான் குறைந்தது. ஃப்ளூட்டிகசோன் தனியாக நியூட்ரோஃபிலைக் குறைக்கவில்லை, தசையை மட்டும் குறைத்துவிட்டது.

ஆக, நியூட்ரோஃபில் நிறைய இருக்கும்போதே தசை குறைய முடியும். கூடவே இருப்பதால் அதுவே காரணம் ஆகிவிடாது.

நெஞ்சுச்சளி:

நல்ல அடி. நிணநீர் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

நிணநீர்:

ஈரல்குலை சொன்ன தரவு சரி. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் எடுத்த முடிவு கொஞ்சம் வேகமானது.

முதலில், எண்ணிக்கை வேறு, நடத்தை வேறு. 2017-இல் இன்னொரு கட்டுரை: டெக்சாமெத்தசோன் கொடுத்தால் ஆஸ்துமாக் குதிரைகளின் நுரையீரலில் நியூட்ரோஃபில் வலைகள் குறைகின்றன. கழுவல் நீரை எடுத்து சதவீதம் எண்ணினால் நியூட்ரோஃபில் அப்படியே இருப்பதுபோலத் தெரியலாம், ஆனால் அவை செய்யும் வேலை மாறியிருக்கலாம். எக்ஸோசோமில் என்ன மாறுகிறது என்பதை எண்ணிக்கை சொல்லாது.

இரண்டாவது, ஸ்டீராய்டு தசைச் செல்லையும் நேரடியாகப் பிடிக்கும். அதன் பெருக்கத்தைத் தடுக்கும். நெருப்பு எரியும்போதே பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கும், அதனால் நெருப்புக்கும் கொதிக்கும் தொடர்பில்லை என்று ஆகாது.

மூன்றாவது, அதே கட்டுரையின் மறுபாதியை விட்டுவிட்டீர்கள். நடுக் குழல்களில் உள்தோலுக்குக் கீழே இருக்கும் சட்டமும், தசைக்குள் சேர்ந்த நார்ப்பொருளும் சேர்மானத்துக்குத்தான் திரும்பின. நியூட்ரோஃபில் குறைந்ததும் அதே சேர்மானத்தில்தான், அதுவும் எட்டாவது வாரத்திலேயே, தூசி நிறுத்திய பிரிவுக்குச் சமமாக. இரண்டும் ஒன்றாகப் போனதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை.

என் கணிப்பு: நார்ச்சட்டத்தில் நியூட்ரோஃபிலின் கை பெரிது, தசையில் அது ஒரு கை மட்டும். தசையைப் பெருக வைக்க மற்ற செல்களும் இருக்கின்றன. மாஸ்ட் செல்லின் டிரிப்டேஸ் என்ற நொதி, காயம்பட்ட உள்தோல் விடும் வளர்ச்சிக் காரணிகள், திரும்பத் திரும்பச் சுருங்குவதால் வரும் இழுவிசை. நியூட்ரோஃபில் மட்டுமே குற்றவாளி என்று நான் எழுதியிருந்தால் அது என் எழுத்தின் வேகம், தரவு அப்படிச் சொல்லவில்லை.

ஈரல்குலை:

"ஒரு கை மட்டும்" என்பதை ஏற்கிறேன். ஆறு குதிரைகள் உள்ள பிரிவில் 'குறையவில்லை' என்பதற்கும் 'குறைந்ததைக் காட்ட முடியவில்லை' என்பதற்கும் தூரம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பரிவைத்தியன்:

இந்தச் சண்டையில் எனக்குப் பிடித்தது 2012 கட்டுரை, ஏனென்றால் லாயத்தில் பயன்படுவது அதுதான். ஐந்து குதிரைகளுக்குத் தூசி நிறுத்தம் மட்டும். ஆறு குதிரைகளுக்கு மூச்சுவழி ஃப்ளூட்டிகசோன். ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து வாங்கியவற்றுக்கு மூச்சு சீக்கிரம் சீரானது. ஆனால் கடைசியில் இரண்டு பிரிவும் சீரான மூச்சுக்கு வந்துவிட்டன. தசை இரண்டிலும் சுமார் 30% இறங்கியது. மருந்துக்காரர்களுக்கு ஆறாவது மாதமே இறங்கியது, மற்றவர்களுக்கு வருட முடிவில்தான். அழற்சி எதில் நன்றாக அடங்கியது? தூசியை நிறுத்தியதில்.

ஒரு வருடம் ஒழுங்காக இருந்தும் 30 சதவீதம்தான். நோய் அடங்கிய நிலையில் இருக்கும் குதிரையிலும் தசை ஆரோக்கியமான குதிரையைவிடத் தடிப்பாகவே இருக்கிறது என்பது அதற்கு முன்பே தெரிந்ததுதான். அம்மா, உங்கள் மருத்துவர் சொன்ன "ஒரு பங்குதான் திரும்பும்" என்பது இதுதான்.

கடிவாளம்:

எல்லாரும் படித்தவர்கள். நான் குதிரை பார்க்கிறவன். கேட்கிறேன்: பந்தயக் குதிரைக்கு மூச்சு திறக்கக் க்ளென்பியூட்டரால் கொடுப்பார்கள். பளிச்சென்று திறக்கும். அதை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் என்ன? ஸ்டீராய்டு குளம்பைக் கெடுக்கும் என்று எல்லா முதலாளிக்கும் பயம்.

பரிவைத்தியன்:

அண்ணே, பயம் முழுக்க வீண் இல்லை. உடல் முழுக்கப் போகும் ஸ்டீராய்டால் குளம்பு அழற்சி வரலாம், குறிப்பாக இன்சுலின் கோளாறு உள்ள தடித்த குதிரைகளுக்கு. அதனால்தான் மூச்சு வழியாகக் கொடுப்பது வந்தது. முகத்தில் முகமூடி மாட்டி, உள்ளிழுக்கும் குப்பியைச் செருகி அடிக்க வேண்டும். செலவு கூட, ஆனால் மருந்து போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

குழல் திறக்கும் மருந்து மட்டும் தனியாக வேண்டாம். தூசி நிறைந்த லாயத்தில் குழலைத் திறந்துவிட்டால் தூசி இன்னும் ஆழமாகப் போகும். அழற்சிக்கு அது ஒன்றும் செய்யாது. விடாமல் கொடுத்தால் க்ளென்பியூட்டரால் வேலை செய்வதும் சில வாரங்களில் மங்கிவிடும். பந்தய விதிப்படி தடை இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

தீவனம்தான் மருந்து. சில விஷயங்களை லாயங்களில் அடிக்கடி தவறாகச் செய்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். "எங்கள் லாயம் காற்றோட்டமானது, தூசியே இல்லை" என்பார்கள். லாயத்தின் நடுவில் நின்று பார்த்தால் தூசி தெரியாது. குதிரையின் மூக்கு நுனியில் அளவுமானியைக் கட்டி அளந்தால் எண்ணிக்கை பல மடங்கு ஏறும். மூக்கைச் சுற்றி இருக்கும் காற்றுதான் கணக்கு. "வெளியே விட்டுவிட்டோம்" என்பார்கள், ஆனால் வயலில் பெரிய உருளைப் புல்கட்டை வைத்திருப்பார்கள். குதிரை அதற்குள் முகத்தைக் குடைந்து வைத்துத் தின்னும். உள்ளே விட்டதற்கும் வெளியே விட்டதற்கும் வித்தியாசம் இல்லாமல் போய்விடும்.

புல்லை நீரில் ஊறவைப்பது தூசியைக் குறைக்கும், ஆனால் ஈரமாகவே தின்ன வேண்டும். காய்ந்தால் பழைய கதை. அதிக நேரம் ஊறினால் சர்க்கரையும் தாதுக்களும் கரைந்து போகும், பாக்டீரியாவும் பெருகும். சரியாக ஆவி ஏற்றும் பெட்டி இருந்தால் அது மேல், பூஞ்சையும் சாகும். இதைவிட மேல், கட்டித் தீவனமும் (அழுத்தி உருண்டையாக்கியது) ஈரத்தோடு பொதிந்து புளிக்கவைத்த புல்லும். அதைவிட மேல் பச்சை மேய்ச்சல்.

வெள்ளைக்குளம்பு:

ஐயா, மீன் எண்ணெய் கொடுக்கலாமா? ஒரு கடைக்காரர் சொன்னார்.

பரிவைத்தியன்:

கடைக்காரர் சொல்வதில் பாதி உண்மை. அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகம் 2015-இல் செய்த சோதனையில், தூசியில்லாத கட்டித் தீவனத்தோடு டிஎச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்பை நாளுக்கு ஒன்றரை முதல் மூன்று கிராம் வரை இரண்டு மாதம் கொடுத்தார்கள். தீவனம் மட்டும் மாற்றியதைவிட இருமலும் நியூட்ரோஃபிலும் கூடுதலாகக் குறைந்தன. 'தூசியில்லாத தீவனத்தோடு' என்ற பகுதியைக் கடைக்காரர் விட்டிருப்பார். மேலும் எல்லா மீன் எண்ணெயிலும் டிஎச்ஏ ஒரே அளவு இருக்காது.

கடிவாளம்:

எங்கள் பக்கம் புல் மேய விட்டாலும் சில குதிரைக்கு இழுக்கிறதே டாக்டர்? வெயில் காலத்தில்.

பரிவைத்தியன்:

அப்படி ஒரு வகை உண்டு. அமெரிக்காவின் லூசியானா, மிசிசிப்பி, புளோரிடா போன்ற சூடும் ஈரமும் உள்ள மாநிலங்களில் நிறையப் பார்க்கிறார்கள். கோடையில் மேயும்போது வரும், லாயத்துக்குள் கொண்டுவந்தால் குறையும். மேய்ச்சல் நிலத்துப் பூஞ்சையும் மகரந்தமும் காரணம் என்று நினைக்கிறார்கள். அந்தக் குதிரைக்கு நான் மேலே சொன்னது தலைகீழ். உங்கள் குதிரை எந்த வகை என்று பார்க்காமல் என் பேச்சைக் கேட்டுப் புல்வெளியில் விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைக்குளம்பு:

இன்னொரு கேள்வி. அதே லாயத்தில், அதே புல்லைத் தின்று, பத்துப் பன்னிரண்டு குதிரைகள் நிற்கின்றன. எங்களுடையதற்கு மட்டும் ஏன்?

நிணநீர்:

மரபுக்குப் பங்கு உண்டு அக்கா. இங்கே பெர்ன் நகரக் குழு, வின்சென்ட் கெர்பர் தலைமையில், இரண்டு ஆண்குதிரைகளின் வம்சங்களைப் பின்தொடர்ந்தது. இரண்டு வம்சத்திலும் நோய் அதிகம். ஆனால் ஒன்றில் 13-ஆவது குரோமோசோம் பக்கம் தடயம் கிடைத்தது, இன்டர்லூகின்-4 ஏற்பியின் மரபணு இருக்கும் இடம். மற்றதில் 15-ஆவது குரோமோசோம். வெளியே இருமலும் கழுவல் நீரும் ஒரே மாதிரி, உள்ளே வழி வேறு. ஒவ்வாமை வரிசையா இல்லையா என்ற பழைய சண்டைக்கு இது ஒரு பங்கு விடை: வேறு வேறு குதிரைகளுக்கு வேறு வேறு வரிசை. நெஞ்சுச்சளி டாக்டரின் டிஎச்2 எங்கோ ஒரு வம்சத்தில் உண்மையாக இருக்கலாம்.

வயதும் ஒரு காரணம். கடும் வகை நடுவயதைத் தாண்டிய குதிரைகளில்தான் அதிகம். பிரிட்டனில் உரிமையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்து எடுத்த கணக்கில் ஏழில் ஒரு குதிரைக்கு இருப்பதாக வந்தது, ஆகவே உங்களுடையது ஒன்றும் அபூர்வம் இல்லை.

நெஞ்சுச்சளி:

மனித மருத்துவனாக எனக்கு இது ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். எங்களிடம் வரும் ஆஸ்துமாக்காரர்களில் ஒரு பங்கினருக்கு ஈசினோஃபில் இல்லை, நியூட்ரோஃபில்தான். ஸ்டீராய்டுக்குச் சரியாகப் பணியாதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். இன்று விலை உயர்ந்த உயிரியல் மருந்துகள் பெரும்பாலும் டிஎச்2 வரிசையைக் குறிவைத்தவை, இவர்களுக்கு அவை அதிகம் உதவுவதில்லை. எலிக்கு ஆஸ்துமா தானாக வராது, முட்டைப் புரதம் போன்ற எதையாவது கொடுத்து வரவைக்க வேண்டும், அதுவும் சில வாரங்களில் போய்விடும். குதிரைக்கு வைக்கோற்போருக்குப் பக்கத்தில் நின்றாலே வருகிறது, பல வருடம் நிற்கிறது, ஓரக்குழல் திசுவை ஒரே குதிரையிடமிருந்து திரும்பத் திரும்ப எடுக்க முடிகிறது. ஒரு மனிதரிடம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நுரையீரல் ஓரத்தை வெட்டித் தாருங்கள் என்று நான் கேட்க முடியுமா?

ஈரல்குலை:

கேட்டால் நெறிமுறைக் குழு உங்களை வெட்டும்.

வெள்ளைக்குளம்பு:

எல்லாருக்கும் நன்றி. இன்றைக்கு லாயத்து முதலாளியிடம் பேசினேன். எங்கள் குதிரைக்குக் கட்டித் தீவனமும் காகிதத் துகள் படுக்கையும் போட ஒத்துக்கொண்டார். பக்கத்துத் தடுப்பில் நிற்கும் குதிரைக்கு உலர்புல்லும் வைக்கோல் படுக்கையும்தான், அதை மாற்ற முடியாது என்கிறார். இடையில் பலகைச் சுவர் இருக்கிறது, மேல்பாதி கம்பி. இது போதுமா?

பரிவைத்தியன்:

போதாது அம்மா. கம்பி வழியாக அந்தத் தூசி வந்துகொண்டே இருக்கும், பக்கத்துத் தடுப்பில் புல்லை உதறும்போது உங்கள் குதிரை மூக்கை நீட்டிப் பார்க்கும். முதலாளியிடம் கடைசித் தடுப்பைக் கேளுங்கள், வெளிச்சுவரில் கதவோ சன்னலோ உள்ளதாக. புல் சேமிக்கும் மாடம் தலைக்கு மேலே இருந்தால் அந்தத் தடுப்பு வேண்டாம். படுக்கையை மாற்றும்போதும் நடைபாதையைக் கூட்டும்போதும் குதிரையை வெளியே கட்டச் சொல்லுங்கள், தூசி அடங்கிய பிறகு உள்ளே விடலாம். கியூபெக் குளிரில் வெளியே நிற்குமா என்று கேட்பார்கள். உடம்பு காய்ந்திருந்து, நல்ல மயிரும், காற்றுத் தடுக்க மூன்று பக்கம் மறைத்த கொட்டகையும் இருந்தால் குதிரை தாங்கும். மூச்சு நிலைத்த பிறகு கழுவல் சோதனையை இன்னொருமுறை எடுக்கச் சொல்லுங்கள். இருமல் இல்லை என்பதை மட்டும் வைத்து ஸ்டீராய்டை நிறுத்த வேண்டாம், உங்கள் மருத்துவரிடம் கேட்டு மெதுவாக இறக்குங்கள்.

வெள்ளைக்குளம்பு:

கடைசித் தடுப்பில் ஒரு மட்டக்குதிரை நிற்கிறது, அதன் உரிமையாளரிடம் நாளைக்குப் பேசிப் பார்க்கிறேன். கழுவல் முடிவு வந்ததும் இங்கேயே போடுகிறேன்.